மஞ்சள் பூத்த கார் ஹெட்லைட்டை வீட்டிலேயே தெளிய வைப்பது

ஒரு குவளைத் தண்ணீரை ஹெட்லைட் மேல் ஊற்றிவிட்டு, அது வழிந்து போவதற்குள் உற்றுப் பாருங்கள். நனைந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் விளக்கு தெளிந்து, காயக் காய மறுபடி பாலாடை படிந்ததுபோல் மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில்தான் இருக்கிறது. அரை நாள் உழைப்பில் சரியாகிவிடும். நனைந்தபோதும் மங்கல் அப்படியே நின்றால் உட்புறத்தில் புகை படிந்திருக்கலாம், பிளாஸ்டிக்குக்குள்ளேயே மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கலாம், பல்பைச் சுற்றியுள்ள ரிஃப்ளெக்டரின் பளபளப்பு கருகியிருக்கலாம். அதற்கெல்லாம் வெளியிலிருந்து எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம். நனைத்த பிறகு மங்கல் போய் மஞ்சள் சாயல் மட்டும் தெரிந்தால் கவலை வேண்டாம். அது மேல்பூச்சின் நிறம், தேய்ப்பில் போய்விடும்.

பேச்சில் நாம் ஹெட்லைட் கண்ணாடி என்கிறோம். அம்பாசிடரிலும் பத்மினியிலும் பழைய மாருதி 800-லும் அது நிஜமாகவே கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் எத்தனை வருடமானாலும் மஞ்சளாகாது. இப்போதைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் எளிதில் உடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பலவீனங்கள்: மணல் உரசினாலே கோடு விழும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் மூலக்கூறுகள் உடைந்து மஞ்சளாக மாறும். இந்த இரண்டையும் தடுக்கத்தான் தொழிற்சாலையில் அதன் மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய, கெட்டியான ஒரு பூச்சைப் பூசி அனுப்புகிறார்கள். வருடக்கணக்கில் வெயிலில் நிற்கும்போது முதலில் சாவது அந்தப் பூச்சுதான். தினமும் ஒரே இடத்தில் நிறுத்தும் காரில் ஒரு பக்க விளக்கு மட்டும் அதிகம் பழுத்திருந்தால், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பாருங்கள், காரணம் புரிந்துவிடும்.

இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் ஏஏஏ மோட்டார் சங்கம் 2018-ல் சோதித்துப் பார்த்தபோது, நன்றாக மங்கிய ஹெட்லைட்டுகள் புதிய விளக்கு தரும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தன. பல்பை மாற்றிப் பார்த்தும் ரோடு தெரியவில்லை என்பவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடம் பல்பு அல்ல.

உப்புத்தாளால் தேய்ப்பதென்றால் செத்துப்போன அந்தப் பூச்சை முழுதாக உரித்தெடுப்பது என்று பொருள். உரித்து முடித்த பிறகு விளக்கு புதிதுபோல் மின்னும், போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடத் தோன்றும். ஆனால் அந்த நிமிடத்தில் வெறும் பாலிகார்பனேட் கவசமே இல்லாமல் வெயிலில் நிற்கிறது. அப்படியே விட்டால் நம் ஊர் வெயிலுக்குச் சில மாதங்கள்தான் தாங்கும். அடுத்த முறை மஞ்சள் முன்னைவிட வேகமாக ஏறும். வீட்டில் செய்பவர்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆகவே முதல் தாளைக் கையில் எடுக்கும் முன்பே, கடைசியில் எதைப் பூசப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். எந்த நம்பர் தாளோடு நிறுத்த வேண்டும் என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்.

மெழுகு அல்லது சீலண்ட் (மெழுகு போலவே தேய்த்துப் பூசும் பாதுகாப்புப் பூச்சு) என்றால் 3000 நம்பர் வரை தேய்த்து, பாலிஷும் போட்டு, அதன் மேல் பூச வேண்டும். மலிவு, யாரும் செய்யலாம். ஆனால் மாதம் ஒரு முறை, மிஞ்சிப் போனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறக்காமல் மறுபடி பூச வேண்டும். ஹார்டனர் என்ற இறுக வைக்கும் ரசாயனம் கலந்து ஸ்பிரேயாக அடிக்கும் நிறமற்ற பூச்சான டூ-கே கிளியர் என்றால் 800 அல்லது 1000 நம்பரோடு நிறுத்திவிட வேண்டும். பாலிஷ் கூடவே கூடாது. அந்தச் சொரசொரப்பில்தான் கிளியர் பிடித்துக்கொள்ளும், கீறல்களுக்குள் அதுவே இறங்கி நிரப்பித் தெளிவையும் கொடுக்கும். வழவழவென்று பாலிஷ் போட்ட பரப்பில் கிளியர் அடித்தால் சில மாதத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். மூன்றாவது வழி, பெயிண்ட் பாதுகாப்புக்கு ஒட்டும் பிபிஎஃப் ஃபிலிம். அதற்கு முழு பாலிஷ் வரை போய்விட்டு, ஒட்டும் வேலையைக் கடைக்காரரிடம் விடுவது நல்லது. வளைந்த விளக்கில் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்ட பழகிய கை வேண்டும்.

எங்கள் பரிந்துரை டூ-கே கிளியர். ஒழுங்காக அடித்தால் ஒன்றிரண்டு வருடம் கவலையில்லை. மெழுகை மாதாமாதம் பூசுவேன் என்று சொல்பவர்கள் முதல் இரண்டு மாதம் பூசுவார்கள்.

வாங்க வேண்டியவை

பெயிண்ட் கடையில் “வாட்டர் பேப்பர்” என்று கேளுங்கள். கறுப்பாக, தண்ணீரில் ஊறினாலும் கிழியாமல் இருக்கும். மரவேலைக்கான பழுப்பு உப்புத்தாள் நனைந்தால் கூழாகிவிடும், அது இதற்கு ஆகாது. 600, 800, 1000 நம்பரில் ஒவ்வொரு தாள் போதும். மெழுகு வழியில் போவதானால் 1500, 2000, 3000-மும் சேர்த்து வாங்குங்கள். பூச்சு ஏற்கெனவே தோல் உரிவதுபோல் உரிந்துகொண்டிருந்தால் 400-ம் ஒன்று. ஒரு தாளை ஆறு துண்டாகக் கிழித்தால் இரண்டு விளக்குக்கும் தாராளம்.

தாளை வெறும் விரலில் சுற்றித் தேய்க்கக் கூடாது. விரல் நுனி அழுத்தும் இடத்தில் மட்டும் பள்ளம் விழும், இரவில் லைட் போடும்போது அது அலை அலையாகத் தெரியும். பழைய ஹவாய் செருப்பிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய துண்டு வெட்டி, தாளை அதில் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுக்கு ஏற்ப வளையும், அழுத்தமும் சமமாகப் பரவும்.

இவை போக 1 அங்குல மாஸ்க்கிங் டேப் ஒரு சுருள், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கார் ஷாம்பு, இரண்டு பக்கெட், நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி, மருந்துக் கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கால் லிட்டர். மெழுகு வழிக்கு ரப்பிங் காம்பவுண்டும் அதைவிட நைசான பாலிஷும். வீட்டில் டிரில் மெஷின் இருந்தால் அதில் மாட்டும் 3 அங்குல ஃபோம் பேட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கை வலி பாதியாகும்.

இடமும் நேரமும்

நிழல் வேண்டும். வெயிலில் நின்ற காரின் பானெட் சூட்டில் தண்ணீர் உடனே ஆவியாகி, தேய்த்த தூள் பரப்பிலேயே காய்ந்து ஒட்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன் தேய்ப்பை முடிப்பது உத்தமம். கிளியர் அடிக்கும் நாளில் காற்றும் மழையும் இருக்கக் கூடாது. ஆடிக் காற்றில் திறந்த வெளியில் கிளியர் அடித்தால் தெருப் புழுதி முழுவதையும் விளக்கில் ஒட்டி வைத்ததாகிவிடும். லைட் எரிந்திருந்தால் அணைத்து முழுதாக ஆறட்டும்.

தேய்ப்பு

விளக்கையும் சுற்றியுள்ள பெயிண்ட்டையும் ஷாம்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். பிறகு டேப். இதில் கஞ்சத்தனம் கூடாது. பெயிண்ட்டின் மேலுள்ள கிளியர் படலம் 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). பம்பர், பானெட் விளிம்புகளில் அது இன்னும் மெல்லியது. 600 நம்பர் தாள் நான்கு இழுப்பு தவறி அங்கே போனாலே வெள்ளையாக வாய் பிளந்துவிடும். இரண்டு அடுக்கு டேப், பானெட்டைத் திறந்து அதன் உள்விளிம்பு வரை ஒட்டுங்கள். நடுவில் எங்கேயாவது டேப் கிழிந்தால் அங்கேயே நிறுத்திப் புது டேப் போடுங்கள்.

தாள்களைத் தேய்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே ஷாம்பு கலந்த தண்ணீரில் ஊறப்போடுங்கள். மஞ்சளும் மங்கலும் மட்டும் என்றால் 600-ல் தொடங்கலாம். பூச்சு உரிந்து தீவு தீவாக நின்றால் 400. லேசான மங்கல் என்றால் 800-ஏ போதும். தேவையில்லாமல் கரடான தாளில் தொடங்கினால், அது போட்ட கீறலை எடுக்கத்தான் மீதி நாள் போகும்.

முதல் தாளை இடவலமாக, நேர்க்கோட்டில் மட்டும் இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள், வட்டக் கீறல் எந்தத் தாளுடையது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருங்கள். முதலில் வழிவது மஞ்சள் கலந்த பால் மாதிரி இருக்கும். பழைய பூச்சு போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வழியும் நீர் சுத்த வெள்ளையாக மாறும்வரை விடாதீர்கள். ஒரு விளக்குக்கு இந்த முதல் தாள் மட்டும் 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். மொத்த வேலையில் பாதி இதுதான்.

வெள்ளையாகிவிட்டது என்று தோன்றியதும் கழுவித் துடைத்துக் காயவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கலாக, உறைபனி படிந்ததுபோல் இருக்க வேண்டும். எங்காவது பளபளவென்று ஒரு திட்டு தெரிந்தால் பழைய பூச்சு இன்னும் அங்கே ஒட்டியிருக்கிறது. மூலைகளிலும், மேல் விளிம்பிலும், வார்ப்பிலேயே பொறித்த சின்ன எழுத்துகளைச் சுற்றியும்தான் அது ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனால் கடைசியில் விளக்கின் மேல் உலக வரைபடம் போல ஓரங்கள் தெரியும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும்.

அடுத்த தாளை மேலும் கீழுமாக இழுங்கள். முந்தைய தாளின் இடவலக் கோடுகள் ஒன்றுகூடத் தெரியாதபோது அந்தத் தாளின் வேலை முடிந்தது. அதற்கடுத்ததை மறுபடி இடவலமாக. இப்படித் திசையை மாற்றி மாற்றிப் போனால், எப்போது நிறுத்துவது என்று விளக்கே சொல்லிவிடும். 600-க்குப் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும்.

நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும். 400 நம்பர் தாளின் மணல் சுமார் 35 மைக்ரான், 800-க்கு 22, 2000-க்கு 10. 800 போட்ட பள்ளத்தின் அடிவரை இறங்க 2000-க்கு அரை நாள் ஆகும். ஆகவே குதித்தவர் கடைசியில் பாலிஷ் போட்ட பிறகு, பகலில் தெரியாத கோடுகளை இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் பார்ப்பார்.

தாள் மாற்றும்போதெல்லாம் விளக்கையும் கையையும் செருப்புத் துண்டையும் கழுவி, பக்கெட் தண்ணீரையும் மாற்றுங்கள். முந்தைய தாளின் ஒற்றை மணல் மாட்டினாலும் ஆழமான கோடு விழும். தேய்க்கும்போது சத்தம் சீராக ஒரே சுதியில் வர வேண்டும். திடீரென்று சரக் என்றால் உடனே நிறுத்திக் கழுவுங்கள்.

மெழுகு வழியில் போகிறவர்களுக்கு

3000 முடிந்ததும் விளக்கு ஏறக்குறைய தெளிந்திருக்கும். பட்டாணி அளவு ரப்பிங் காம்பவுண்டை நான்கு பொட்டாக வைத்து, டிரில்லை நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுக்குள் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி இழுபட்டுவிட்டால் அந்த வடு போகாது. அவ்வப்போது புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை பொறுக்காத சூடு என்றால் தண்ணீர் தெளித்து ஆறவிடுங்கள். கையாலேயே போடுபவர்கள் ஒரு விளக்குக்கு இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். பிறகு நைஸ் பாலிஷ், ஐசோபுரொபைல் ஆல்கஹால் துடைப்பு, கடைசியில் புற ஊதா தடுப்பு உள்ள சீலண்ட் இரண்டு படலம்.

டூ-கே கிளியர்

800 அல்லது 1000-ல் நிறுத்திய விளக்கு கறை படிந்த குளியலறைக் கண்ணாடி மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்ததும், ஈரம் இருக்கும் சில நொடி மட்டும் அது கண்ணாடியாகத் தெளியும். கிளியர் அடித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே முன்னோட்டம். அந்த ஈரத்திலும் கோடுகள் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

தேய்ப்பில் நனைந்த டேப்பை எடுத்துவிட்டுப் புது டேப் ஒட்டி, பானெட், பம்பர், முன் டயர் வரை செய்தித்தாளோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடுங்கள். தெளிப்பு நாம் நினைப்பதைவிடத் தூரம் பறக்கும். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கிளியர் மீன் கண் போல வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

டூ-கே டின்னின் அடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலக்கும், பிறகு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். கலந்த டின்னை எடுத்து வைத்து அடுத்த மாதம் பயன்படுத்த முடியாது. ஓரிரு நாளில் உள்ளேயே இறுகிவிடும். ஆகவே இரண்டு விளக்கையும் தயார் செய்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, விளக்குக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். முதல் படலம் பனித்துளி தூவியதுபோல் மட்டும். பத்து நிமிடம் கழித்து ஈரமாகப் பளபளக்கும் அளவுக்கு ஒன்று, இன்னும் பத்து நிமிடம் கழித்து அதேபோல் இன்னொன்று. மூன்று போதும். நான்காவதுக்கு ஆசைப்பட்டால் கண்ணீர் மாதிரி வழியும். வழிந்துவிட்டால் துடைக்காதீர்கள், இரண்டு நாள் காயவிட்டு 2000 நம்பர் தாளால் அந்த இடத்தை மட்டும் சமன் செய்து பாலிஷ் போடலாம்.

அரை மணி நேரத்தில், கிளியர் முழுதாக இறுகும் முன், டேப்பைச் சாய்வாக மடக்கி மெதுவாக உரியுங்கள். மறுநாள் எடுத்தால் கிளியரின் ஓரமும் டேப்போடு பிய்ந்து வரும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலில் போனால் ஆஸ்துமா போன்ற மூச்சுத்திணறலைக் கொடுக்கும். துணி மாஸ்க்கும் கொரோனா கால மாஸ்க்கும் இதைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க், கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். மூடிய ஷெட்டிலோ, குழந்தைகள் விளையாடும் இடத்தின் பக்கத்திலோ அடிக்காதீர்கள். இவ்வளவு ஏற்பாடு முடியாதென்றால் எளிய வழி ஒன்று உண்டு. 800 வரை வீட்டில் தேய்த்துவிட்டு, தெரிந்த டிங்கரிங் பெயிண்டிங் பட்டறைக்கு ஓட்டிப் போங்கள். வேறு வண்டிக்குக் கலந்து மீந்த கிளியரிலேயே ஸ்பிரே கன்னால் மூன்று படலம் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். உழைப்பு நம்முடையது என்பதால் பெரிதாகக் கேட்கவும் மாட்டார்கள்.

ஹார்டனர் இல்லாத சாதாரண கிளியர் ஸ்பிரே மலிவாகக் கிடைக்கிறது. அதை இதில் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் அதிகம் பட்டால் பாலிகார்பனேட் நுண்ணிய விரிசல் விடும், வெயிலுக்கும் அது நீண்ட நாள் தாங்காது.

குறுக்கு வழிகள்

டூத்பேஸ்ட்டில் மிக நைசான உராய்வுப் பொடி இருப்பதால் லேசான மங்கலைக் கொஞ்சம் துடைக்கும், மஞ்சள் பூச்சை எடுக்காது. தேங்காய் எண்ணெயும் டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே எண்ணெயும் கீறலை நிரப்பி அன்றைக்கு மின்ன வைக்கும். மறுநாள் அதே எண்ணெய் புழுதியைப் பிடித்து வைத்திருக்கும். பழைய கார் விற்பவர்களுக்குப் பிடித்த வித்தை இது. வாங்கப் போகிறவர்கள் ஹெட்லைட்டை ஒரு விரலால் தடவிப் பார்க்கலாம்.

தின்னர், பெட்ரோல், அசிட்டோன் மூன்றையும் விளக்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாலிகார்பனேட்டில் இவை உள்ளே வரை விரிசல் விட வைக்கும். சின்னக் கெட்டிலில் திரவத்தை ஊற்றிச் சூடாக்கி, அந்த ஆவியைக் காட்டி விளக்கைத் தெளிய வைக்கும் கிட்டும் ஆன்லைனில் ஓடுகிறது. பார்க்க மாயம் மாதிரி இருக்கும். நடப்பது, பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து வழிய விடுவது. அதில் இருப்பது பெரும்பாலும் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன், இரண்டின் ஆவியும் நஞ்சு.

தெளிந்த பிறகு

அதிக வெளிச்சத்துக்காக யாராவது எச்4 (பிரைட், டிம் இரண்டும் ஒரே பல்பில் வரும் வகை) ஹோல்டரில் 100/90 வாட் பல்பு போட்டிருந்தால் கழற்றி, முறையான 60/55 வாட் பல்பை மாட்டுங்கள். அந்தச் சூடு ரிஃப்ளெக்டரைக் கருக்கும், சாக்கெட்டை உருக்கும், எதிரே வருபவர் கண்ணையும் கூச வைக்கும். லென்ஸ் தெளிந்த பிறகு அந்த பல்புக்குத் தேவையும் இருக்காது.

கார் கழுவியதும் உட்புறம் லேசாக வியர்த்து, சில மணி நேரத்தில் போய்விட்டால் அது இயல்பு. அடியில் தண்ணீர் தேங்கினால் பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடி நன்றாக இருந்தால் லென்ஸும் கூடும் சேரும் சீல் விட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வெளியே கிளியர் அடிப்பது வீண்.

இரவில் சமதளமான இடத்தில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைவிடச் சுவரில் சுமார் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நம் ஊர்க் கார்களில் இடது பக்கம் மட்டும் சற்று ஏறியிருக்கும். லென்ஸ் மங்கியிருந்த காலத்தில் ரோடு தெரியவில்லையென்று யாரோ ஒரு மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகி விளக்கை மேலே தூக்கி வைத்திருப்பார். அப்போது வெளிச்சம் சிதறிப் போனதால் யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது அதை இறக்கி வைக்காவிட்டால், எதிரே வரும் ஒவ்வொரு வண்டியும் உங்களுக்கு டிப்பர் அடிக்கும்.